பேச்சிப்பாறையில் ஒரு கம்பு

நாகர்கோவிலில் ரயில் நிற்பதற்குள் என்னை மலையாளி என்று முடிவு கட்டிவிட்டார்கள். எதிர் இருக்கையில் இருந்தவர் கேரளத்தில் எந்த ஊர் என்று கேட்டார். "யாழ்ப்பாணம்" என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது கோட்டயம் பக்கமா?" என்றார்.

"அது சிலோன்லா" என்றார் அவர் மனைவி.

"சிலோனா? பின்ன எப்படி இவ்வளவு நல்லா தமிழ் பேசுதாவ?"

"அவ்வளவு நல்லா ஒண்ணும் பேசல்ல" என்று அந்த அம்மா முடித்துவைத்தார்.

நான் எப்படிக் கடல் கடந்தேன், எங்கெங்கே காத்திருந்தேன் என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அது எல்லோருக்கும் நடப்பதுதான். வந்த காரியம்தான் கொஞ்சம் விசேஷமானது. நான் ஒரு தடியை எடுத்துப்போக வந்திருந்தேன்.

சாவகச்சேரியில் ஒரு மகளிர் கல்லூரியில் நான் மெய்வல்லுநர் பயிற்றுநர். எங்கள் ஊரில் கல்லூரி என்றால் பள்ளிக்கூடம். மெய்வல்லுநர் என்றால் இந்தப் பக்கத்தில் தடகளம் என்கிறார்களே, அது. தர்மிகா என்று ஒரு மாணவி கோலூன்றிப் பாய்கிறாள். எங்களிடம் இருந்த ஒரே ஃபைபர் தடி ஒரு நாள் பயிற்சியில் நடுவே பிளந்துவிட்டது. பிள்ளை மெத்தையில்தான் விழுந்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. வெளிநாட்டில் இருந்து புதிதாகத் தருவிப்பதற்குள் மாகாணப் போட்டி முடிந்து, அவள் பள்ளியை விட்டும் போயிருப்பாள்.

அப்போதுதான் சாகுல் சேருக்கு எழுதினேன்; சாரை எங்கள் பக்கத்தில் சேர் என்போம். நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் தடகளப் பயிற்சியாளர். கொழும்பில் நடந்த ஒரு பயிற்சிப் பட்டறையில் மதியச் சோற்று வரிசையில் பழக்கமானவர். அன்றுமுதல் தினமும் காலையில் யாராவது காலை நீட்டி மடக்கும் வீடியோ ஒன்றை எனக்கு அனுப்பி வணக்கம் சொல்வார். என் செய்திக்கு உடனே பதில் வந்தது: "மூணு கம்பு சும்மா கெடக்கு. வாங்க, எடுத்துட்டுப் போங்க. நான் இந்த வருசத்தோட ரிட்டயர்டு."

கோட்டாறில் அவர் வீடு. மனைவி ஜெமீலா அக்கா கதவைத் திறந்தார். நான் மெய்வல்லுநர் பயிற்றுநர் என்று என்னை அறிமுகப்படுத்திக்கொண்டேன்.

"டாக்டரா?" என்றார் சந்தோஷமாக. "நல்லதாப் போச்சு. எனக்கு இந்த முட்டு வலி விடவே மாட்டேங்கு."

"தடகளத்துக்கு அங்க அப்படித்தான் சொல்லுவாவ" என்றார் சாகுல் சேர் உள்ளே இருந்து.

அக்காவின் முகம் வாடிப்போனது. ஆனாலும் வலது முழங்காலைக் காட்டினார். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டிப் பிடிக்கும் ஒரு சின்னப் பயிற்சி சொன்னேன். மறுநாள் காலையில் வலி பாதி குறைந்துவிட்டது என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். சாகுல் சேர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். "நான் கல்யாணம் ஆன நாள்ல இருந்து இதத்தானே சொல்லுதேன்."

"நீங்க விசிலு அடிச்சுலா சொன்னிய" என்றார் அக்கா.

அந்த வீட்டில் தின்ற ஒறட்டியைப் பற்றி ஒரு பந்தி எழுதாவிட்டால் பாவம். அரிசிமாவும் தேங்காயும் சேர்த்துத் தட்டிச் சுட்டது. கூட மிளகு தூக்கலான இறைச்சிக் கறி. எங்கள் ஊர்த் தேங்காய் ரொட்டியின் ஒன்றுவிட்ட சகோதரி என்று நினைத்துக்கொண்டே நாலு தின்றேன். சாகுல் சேர் என் தட்டைப் பார்த்து, "நாளைக்கு காலம்பற கிரவுண்டுக்கு வரணும், ஓர்ம இருக்கட்டும்" என்றார். விருந்தாளியையும் அவர் ஓட்டக்காரியாகத்தான் பார்த்தார்.

மறுநாள் கல்லூரி மைதானம். தென்னந்தோப்பு இருந்த இடத்தை வெட்டி உண்டாக்கியது. ஓடுபாதையில் மழைநீர் நிற்கும் ஒரு மூலைக்குப் பேச்சிப்பாறை அணை என்றே பிள்ளைகள் பெயர் வைத்திருந்தார்கள். பயிற்சி நடந்துகொண்டிருந்தது. ஒரு மாணவி தடைகளை அழகாகத் தாண்டி வந்து முடித்தாள். சாகுல் சேர் கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், "கொழப்பமில்ல" என்றார். அந்தப் பெண் துள்ளிக்கொண்டு தோழிகளிடம் ஓடினாள்.

"மோசமில்லை என்பதற்கா இவ்வளவு சந்தோஷம்?" என்று பக்கத்தில் நின்ற மாணவியிடம் கேட்டேன்.

"டீச்சர், சார் வாயில இருந்து அது வருகது வருசத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவதான். போன வருசம் யாருக்கும் வரல்ல."

சாகுல் சேர் இளைஞராக இந்தக் கல்லூரிக்கு வந்தவர், இப்போது தாடி வெளுத்து இங்கேயே ஓய்வு பெறப்போகிறார். தடகளம் சொல்லிக்கொடுத்த நேரத்தைவிட மாடு விரட்டிய நேரம்தான் அதிகம் என்றார். முதல்வர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். அவர்களுக்கு இவரிடம் வேண்டியது மட்டும் மாறவே இல்லை. குடியரசு நாளுக்கு அணிவகுப்பு, கல்லூரி நாளுக்கு வண்டி நிறுத்த ஒழுங்கு, மந்திரி வந்தால் மைக் சோதனை. ஓடுபாதைக்குச் சுண்ணாம்புக் கோடு போட்ட மறுநாள் அங்கே யாரோ கல்யாணப் பந்தல் கால் நட்டிருப்பார்கள். கோலூன்றித் தாண்டுகிறவர்கள் விழுவதற்கு அந்தக் காலத்தில் மெத்தை கிடையாது. கயிற்று ஆலையில் கழிக்கும் தேங்காய்நார்த் தும்பைச் சாக்குகளில் அடைத்து அடுக்கினாராம். தாண்டிய பிள்ளைகள் சொறிந்துகொண்டே வகுப்புக்குப் போனதால், தடகளத்தில் சேர்ந்தால் சொறி வரும் என்று ஊரெல்லாம் பேச்சாகி, இரண்டு வருடம் பெண்களை யாரும் அனுப்பவில்லை.

"அப்பயும் நீங்கள் விட்டிட்டுப் போகேல்லையா சேர்?"

"போவலாம்னு இருந்தேன். துபாய்ல ஒரு ஸ்கூல்ல கூப்பிட்டான். அப்பதான் ஒரு புள்ள வந்து சேந்தா."

சொல்லிக்கொண்டே பொருளறையைத் திறந்தார். குண்டுகள், வட்டுகள், துருப்பிடித்த தடைகள், ஒரு ஒலிபெருக்கி, யாருடையதோ தெரியாத ஒற்றைச் செருப்பு எல்லாம் இருந்தன. கம்பு இல்லை.

சாகுல் சேர் அறைக்குள் ஒரு சுற்று வந்தார். பிறகு வெளியே வந்து காவலாளியை அழைத்தார். விசாரணை மரத்தடியில் நடந்தது. முதல் கம்பு எங்கே என்பதற்குக் காவலாளி விடுதிப் பக்கம் கையைக் காட்டினார். விடுதி வாசலில் சிமெண்ட் பீடத்தில், மூவர்ணம் பூசப்பட்டு, மேலே கப்பியும் கயிறுமாக அது நின்றது. சாகுல் சேர் தினமும் அதைத் தாண்டித்தான் வந்துபோகிறார். சுதந்திர தினத்தில் அதற்கு வணக்கமும் வைத்திருக்கிறார்.

"ரெண்டாவது?"

"அது தேன்கூடு கலைக்கக் கொண்டு போனது சார். தேனீ வெரட்டுச்சு. எலக்ட்ரீசியன் கம்ப ரோட்டுல போட்டுட்டு ஓடிட்டாரு. தண்ணி லாரி ஏறிட்டு."

சாகுல் சேர் என் பக்கம் திரும்பினார். "அந்த ஓட்டத்துக்கு நானாக்கும் சாட்சி. கம்பு போனதுதான் தெரியாது. கையில வாச்சு இல்லாமப் போச்சு. மாவட்ட ரெக்கார்டு போயிருக்கும்."

மூன்றாவது கம்பைப் பற்றிக் காவலாளிக்கு ஒன்றும் தெரியவில்லை. சாகுல் சேருக்குத் தெரிந்தது. தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார்.

"அது சுபாகிட்ட கெடக்கு. பேச்சிப்பாற. யுனிவர்சிட்டி மீட்டுக்குக் கொண்டு போனா, மெடல் வாங்கினா, அப்புறம் கல்யாணம் ஆயிட்டு. அவ திருப்பித் தரல்ல. நானும் கேக்கல்ல."

தும்பு மூட்டையில் சொறிந்துகொண்டே பயிற்சி செய்த, அவரைத் துபாய்க்குப் போகவிடாமல் செய்த பெண் அவள்தான் என்பது எனக்கு அப்போது புரிந்தது. இந்த மைதானத்தில் இருந்து மாநிலத்துக்கு வெளியே போய்ப் பதக்கம் கொண்டுவந்த முதல் ஆளும் அவள்தான்.

மூன்றாம் நாள் குலசேகரம் பேருந்தில் ஏறினோம். நிற்க இடமில்லை. நடத்துநர் சாகுல் சேரைப் பார்த்ததும் ஒரு இளைஞனை எழுப்பிவிட்டார். "எந்திரிடே மக்கா. இவிய எனக்க கோச்சாக்கும். எண்ணூறு மீட்டர்ல நா ரெண்டாவது சுத்துல விழுந்துட்டுக் கெடந்தப்போ, எந்திரிச்சு ஓடுன்னு சொன்னவிய."

"ஓடினீங்களா?" என்று கேட்டேன்.

"எங்க ஓட. கால்லா ஒடிஞ்சு கெடந்துது."

தக்கலை தாண்டியதும் ஒருவர் பேருந்தைப் பிடிக்கப் பின்னால் ஓடிவந்தார். சாகுல் சேர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "கைய வீசுடே. முட்டிய மேல தூக்கு. குனியாத." அந்த மனிதர் ஏன் எதற்கென்று கேட்காமல் கையை வீசினார், முட்டியைத் தூக்கினார், பேருந்தைப் பிடித்தும்விட்டார். மூச்சிரைக்க உள்ளே வந்தவரிடம் சாகுல் சேர் ஆவலோடு எந்தக் கல்லூரி என்று விசாரித்தார். மீன் வியாபாரம், வயது நாற்பத்திரண்டு என்றார் அவர். "சே" என்றார் சாகுல் சேர். மிச்ச வழி முழுக்க அந்த இழப்பை நினைத்துக்கொண்டே வந்தார்.

குலசேகரத்துக்குக் கொஞ்சம் முன்னால் பேருந்து படுத்துவிட்டது. இரண்டு பக்கமும் ரப்பர் தோட்டம். எங்கள் ஊரில் பனை அது அது நின்ற இடத்தில் தன் இஷ்டத்துக்கு நிற்கும். இங்கே ரப்பர் மரங்கள் காலைக் கூட்டத்தில் நிற்கும் மாணவர்களைப்போல வரிசை பிசகாமல் நிற்கின்றன. ரப்பர் ஷீட் ஏற்றிய சிறு லாரி ஒன்று எங்களை ஏற்றிக்கொண்டது. பின்னால் ஷீட் அடுக்கின்மேல் உட்கார்ந்தோம். புகையும் புளித்த பாலும் கலந்த அந்த மணம் என் சேலையில் இருந்து போக ஒரு வாரம் ஆனது. எங்களோடு இரண்டு வியாபாரிகள் மலையாளத்தில் பேசிக்கொண்டு வந்தார்கள். சாகுல் சேர் என் காதில் மொழிபெயர்த்தார். இந்த அம்மா இந்தி டீச்சராக இருக்கும் என்று ஒருவர் சொன்னாராம். இல்லை, தமிழ்தான், ஆனால் கொஞ்சம் பழைய தமிழ் என்று மற்றவர் சொன்னாராம். எனக்கு இந்த ஊரில் கிடைத்த நல்ல பெயர் அது ஒன்றுதான்.

குலசேகரத்தில் பரோட்டாக் கடை. மாவைக் கல்லில் வீசி வீசி விரித்துக்கொண்டிருந்தவர் சாகுல் சேரைப் பார்த்ததும் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு ஓடிவந்தார். முன்னாள் வட்டு எறியும் வீரராம்.

"எல்லாம் சார் சொல்லித்தந்த வீச்சுதான்" என்று பெருமையாகச் சொன்னார்.

சாகுல் சேர் அவர் இன்னொரு மாவு வீசுவதைக் கூர்ந்து பார்த்தார். "இப்பவும் சீக்கிரம் விடுகடே நீ. அன்னைக்கும் இதத்தான் சொன்னேன்."

பரோட்டா மாஸ்டர் தலைகுனிந்தார். பரோட்டா என்னவோ நன்றாகத்தான் இருந்தது.

ஆட்டோவில் பேச்சிப்பாறை. அணை நீர் மலைகளுக்கு நடுவே ஏதோ ரகசியம்போலக் கிடந்தது. சுபாவின் வீட்டை யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. வீடு சின்னது, முன்வராந்தா மட்டும் வீட்டைவிட நீளமாக ஒரு பக்கம் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. கூரைக்குக் கீழே கொக்கிகளில், தலைமுதல் கால்வரை ஏதோ பட்டுத்துணி சுற்றி, நீளமாக ஒன்று தொங்கியது.

சுபாவின் கணவர் வைகுண்டமணி, நெற்றியில் நீண்ட வெள்ளை நாமத்தோடு எங்களை வரவேற்றார். ரப்பர் வெட்டுகிறவர். நான் மேலே பார்ப்பதைக் கண்டுகொண்டார். அதைப் பற்றிப் பேச ஆள் கிடைக்காமல் வருடக்கணக்காகக் காத்திருந்தவர் என்பது தெரிந்தது.

"வீடு கெட்டும்போ மேஸ்திரி கேட்டாரு, இது என்ன, வீட்டுக்கு வாலான்னு. கம்பு பதினாலு அடி. வீடு பன்னெண்டு அடி. பின்ன என்ன செய்ய?"

"கல்யாணத்துக்கு இதையும் கொண்டுவந்தவவா?" என்று கேட்டேன்.

"வேன் மேல கெட்டிட்டு வந்தா. எங்க அம்ம பீரோ எறங்கும்னு பாத்துட்டு நிக்கா. மொதல்ல எறங்குனது கம்பு. அம்ம சாவுகது வர அது எதுக்குன்னு கேட்டுட்டே இருந்தா. இப்ப பாருங்க, மேல சக்க பழுத்து ஆள் தலையில விழுது. கம்பு ஒண்ணு வீட்டுல உண்டு. தொடப்பிடாது. சுத்தியிருக்கது அவளுக்க கல்யாணச் சேலையாக்கும்."

இதைப் பெருமையாகச் சொன்னாரா குறையாகச் சொன்னாரா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

சுபா உள்ளேயிருந்து வந்தாள். நெடுநெடுவென்ற உயரம், நாற்பதை நெருங்கும் வயது. "சார்" என்று சொல்லிவிட்டு, கையில் இருந்த கரண்டியோடு நிமிர்ந்து நின்றாள். சாகுல் சேர், "ஓட்டமெல்லாம் உண்டா?" என்றார். "ரப்பருக்கு நடுவுல தினமும் ஓட்டந்தான் சார்" என்றாள்.

மசித்த மரச்சீனியும் சாளை மீன் கறியும் வந்தன. எங்கள் மரவள்ளிக் கிழங்குதான், இங்கே பெயர் வேறு. தின்றோம். சாகுல் சேர் ரப்பர் விலை கேட்டார். மழை கேட்டார். அணையில் தண்ணீர் எவ்வளவு என்று கேட்டார். சக்கை என்கிற பலாப்பழத்தைப் பற்றிக்கூட விவரமாகக் கேட்டார். கம்பைப் பற்றி மட்டும் கேட்கவே இல்லை. பால் இல்லாத கட்டஞ்சாயாவும் வந்துவிட்டது. கடைசியில் நான்தான் வாய் திறந்தேன். தடி பிளந்த கதையையும் தர்மிகாவின் கதையையும் சொல்லி, "அந்தத் தடியை எங்களுக்குத் தரேலுமா?" என்றேன்.

சுபா என்னைப் பார்க்காமல் சாகுல் சேரைப் பார்த்தாள். அவர் அணையைப் பார்த்தார்.

"கோவப்படாதீங்க டீச்சர். நா தர மாட்டேன்" என்றாள். குரலில் கோபமே இல்லை. "மெடலு அம்மைக்க அலமாரியில கெடந்து கறுத்துப் போச்சு. சர்ட்டிபிகேட்ட கரையான் தின்னுட்டு. எனக்க பிள்ளியளுக்கே நா இந்தக் கம்ப ஊனிச் சாடினேன்னு சொன்னா சிரிப்பாக்கும். இது ஒண்ணுதான் மேல கெடக்கு."

சும்மா இருக்க முடியாமல் போனை எடுத்துத் தர்மிகா பாயும் வீடியோவைக் காட்டினேன். சுபா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள்.

"இன்னொரு தடவ போடுங்க."

போட்டேன். மறுபடியும் போடச் சொன்னாள். பிள்ளை எத்தனை கிலோ இருப்பாள் என்று கேட்டாள். சொன்னேன்.

"நானும் அப்ப அவ்வளவுதான் இருந்தேன்" என்றாள். பிறகு கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள், நாங்கள் கிளம்பும்போதுதான் வெளியே வந்தாள். கையில் ஒரு பை நிறையச் சக்கைச் சுளை.

திரும்பும் வழியில் ஒருவர் பேருந்தைப் பிடிக்க, கையைக் காலைத் தப்புத்தப்பாக ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். சாகுல் சேர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஆள் பேருந்தைத் தவறவிட்டார்.

வீட்டில் ஜெமீலா அக்காவுக்கு விஷயம் தெரிந்ததும் கணவரைப் பிடித்துக்கொண்டார். "கடல் கடந்து வந்திருக்காவ. நீங்க ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?"

"நா கேட்டா அவ தந்திருவா" என்றார் சாகுல் சேர். "அதனாலதான் கேக்கல்ல."

அக்கா சக்கைச் சுளைப் பையைப் பிரித்து நடுவில் வைத்தார். மூன்று பேரும் தின்றுகொண்டிருந்தோம். எனக்கு அவர்மேல் கோபம் வந்திருக்க வேண்டும். பதினெட்டு வயதுப் பிள்ளை ஒருத்தி எனக்காகக் காத்திருக்கிறாள். ஆனால் வரவில்லை. நானும் இதே வேலைதான் பார்க்கிறேன்.

நான்காம் நாள் வெறுங்கையோடு கிளம்ப ஆயத்தமானேன். வெறுங்கை என்பது பேச்சுக்குத்தான். அக்கா கட்டித்தந்த ஏத்தன் வாழைக்காய் சிப்ஸ் மட்டும் ஒரு மூட்டை. பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டு போகலாம் என்று மைதானத்துக்குப் போனேன். சாகுல் சேர் தடைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அப்போது வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. கூரைமேல் பட்டுச்சேலை சுற்றிய கம்பு. நுனியில் சட்டப்படி ஒரு சிவப்புத் துணி.

வைகுண்டமணி இறங்கி முதுகை நிமிர்த்தினார். "காலம்பற ரப்பர்ப் பால் எடுக்காமப் பொறப்பட்டாச்சு. ராத்திரி முழுக்க உறங்கல்ல, என்னயும் உறங்க விடல்ல. அந்தப் புள்ள காலத் தூக்குகது செரியில்லன்னு எனக்கு செஞ்சு காட்டுகா. கட்டில் ஒடிஞ்சுபோச்சு."

சுபா மறுபக்கமாக இறங்கினாள். புது டிராக் பேண்ட். வழியில் வாங்கியிருக்க வேண்டும். இடுப்பில் விலைச்சீட்டு இன்னும் தொங்கியது.

"தாறேன் டீச்சர்" என்றாள். "ஆனா ஒரு தடவ சாடிட்டுத் தாறேன்."

சாகுல் சேர் அவளை மேலிருந்து கீழே பார்த்தார். வேண்டாம் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். அந்தத் தடி அவளுடைய அன்றைய எடைக்கானது. எடை கூடிய ஆள் மேலே பிடித்துப் பாய்ந்தால் ஒடிந்துவிடும். ஆனால் அவர் கம்பில் சுற்றியிருந்த சேலையை அவிழ்த்தார். நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையில் இருந்து விரலால் தடவிக்கொண்டே நடுவில் வந்து சந்தித்தோம். ஒரு கீறல் இல்லை. இத்தனை வருடம் இப்படி வைக்கப்பட்ட ஒரு தடியை நான் பார்த்ததில்லை. எங்கள் பொருளறையில் எலி கடிக்காத ஒன்றுகூட இல்லை.

சாகுல் சேர் பிளாஸ்திரி எடுத்து, கம்பில் நன்றாகக் கீழே தள்ளி ஒரு அடையாளம் ஒட்டினார். "இதுக்கு மேல கை போகப்பிடாது."

"இது கொச்சுப் பிள்ளியளு பிடிக்க எடம் சார்."

"இங்க பிடிச்சா சாடு. இல்லேன்னா ஜீப்புல ஏறு."

சுபா அங்கேயே பிடித்தாள்.

கோலை ஊன்றும் பெட்டியில் இலையும் சேறும் நிறைந்திருந்தன. மாணவிகள் வாரி எறிந்தபோது ஒரு தவளை வெளியே வந்து, அன்றைய முதல் பாய்ச்சலைப் பாய்ந்தது. குறுக்குக் கம்பியைக் காணவில்லை. அதையும் யாராவது எங்காவது நட்டிருப்பார்கள். அதற்குப் பதிலாக ஒரு மெல்லிய கயிற்றைக் கட்டினார்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை தாண்டுகிற உயரம்தான். அதற்குள் விடுதிப் பெண்கள், காவலாளி, வேதியியல் துறை, உணவகத்துச் சமையல்காரர் என்று எல்லோரும் வந்து நின்றுவிட்டார்கள்.

முதல் தடவை சுபா ஓடிவந்தாள். பெட்டி வந்ததும் தூக்காமல் அப்படியே மெத்தைக்குள் ஓடிப் போய்விட்டாள். யாரும் சிரிக்கவில்லை. இரண்டாம் தடவை கால் தரையை விட்டது, ஆனால் கம்பு பக்கவாட்டில் சாய்ந்து புல்லில் கொண்டுபோய்ப் போட்டது. வைகுண்டமணி ஓடிப்போனார்.

"போதும், எந்திரி. கம்ப குடுத்துட்டுப் போவோம்."

"நீங்க அங்கோட்டு நில்லுங்க" என்றாள். விலைச்சீட்டைப் பிய்த்து அவர் கையில் கொடுத்தாள்.

மூன்றாம் தடவை அவள் கம்பைத் தூக்கிக்கொண்டு நெடுநேரம் நின்றாள். உதடு மட்டும் அசைந்தது. காலடி எண்ணுகிறாள் போலும். எனக்குப் பக்கத்தில் சாகுல் சேரின் உதடும் அசைவதைப் பார்த்தேன். அவள் ஓடினாள். ஊன்றினாள். கம்பு கொஞ்சம் வளைந்தது, அவ்வளவுதான். ஆனால் அந்த உயரமான உடம்பு தலைகீழாகத் திரும்பி, கயிற்றுக்கு மேலே ஒரு கணம், எங்களில் யாரோடும் சம்பந்தமில்லாததுபோல் கிடந்தது. பிறகு மெத்தையில் விழுந்தது.

எழுந்திருக்கவில்லை. வைகுண்டமணி மறுபடியும் ஓடினார். அவள் மல்லாந்து கிடந்து சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பில் மெத்தை முழுவதும் குலுங்கியது.

சாகுல் சேர் தொப்பியைச் சரிசெய்தார். "கொழப்பமில்ல" என்றார்.

சுபா சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். "சார் இப்ப என்ன சொன்னாரு?"

"கொழப்பமில்லன்னு சொன்னாரு" என்றார்கள் பிள்ளைகள்.

"மெடலு வாங்கிட்டு வந்தப்பகூட சொல்லல்லியே சார்."

"அன்னைக்குக் காலத் தூக்குனது லேட்டுலா" என்றார் அவர். பிறகு தும்மல் வந்ததுபோல முகத்தைத் துடைத்துக்கொண்டு, தடைகளை அடுக்கப் போய்விட்டார். அவை முன்பே அடுக்கப்பட்டிருந்தன.

கம்பை என் கையில் தரும்போது சுபா ஒரு நிபந்தனை போட்டாள். கல்யாணச் சேலையை மட்டும் அவளே எடுத்துக்கொள்வாளாம். நான் ஒரு பழைய விரிப்பைச் சுற்றிக்கொண்டேன்.

அதை நாகப்பட்டினம் துறைமுகம்வரை கொண்டுபோவதற்குச் சாகுல் சேர் போனில் இரண்டு வார்த்தை பேசினார். குளச்சலில் இருந்து மீன் ஏற்றிப்போகும் லாரி ஒன்று வந்தது. ஓட்டுநர் முன்னாள் குண்டு எறிபவர். எனக்கு முன் இருக்கை. கம்புக்கு நெத்திலிக்கு நடுவே இடம். துறைமுகத்தில் சுங்க அதிகாரி விரிப்பை விலக்கி, முகத்தைச் சுளித்து, இது என்ன என்றார். கோலூன்றிப் பாய்வதற்கு என்றேன். "யார் மேல பாயுறது?" என்றார். விளக்கிச் சொன்னேன். அவர் என்னையும் என் உடம்பையும் பார்த்து, நம்பாமல்தான் கையெழுத்துப் போட்டார். கப்பலில் பெரிய தொந்தரவில்லை. ஊருக்கு வந்த பிறகுதான், எங்கள் பள்ளிக்கூடப் பொருளறை வாசலில் சாவகச்சேரிப் பூனைகளெல்லாம் ஒரு வாரம் முகாம் போட்டன.

தர்மிகா மாகாணப் போட்டியில் மூன்றாவதாக வந்தாள். அவள் அதுவரை தாண்டாத உயரம். பள்ளி அதிபர் காலைக் கூட்டத்தில் இது நிர்வாகத்தின் தொலைநோக்குக்குக் கிடைத்த வெற்றி என்று பேசினார். நான் வீடியோவைப் பேச்சிப்பாறைக்கு அனுப்பினேன். சுபாவிடமிருந்து குரல்செய்தி வந்தது: "நல்லா சாடிட்டா டீச்சர். கம்ப மழையில நனைக்கப்பிடாதுன்னு அவகிட்ட பறைங்க." அதை ஒலிபெருக்கியில் போட்டுக் காட்டினேன். தர்மிகாவுக்கு எல்லாம் விளங்கியது. யாருமே இதை மலையாளமா என்று கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்துச் சாகுல் சேர் போன் பண்ணினார். ஓய்வு பெற்றாகிவிட்டது, சால்வை போட்டு, புகழ்ந்து பேசி, வழியனுப்பி வைத்துவிட்டார்கள் என்றார். வீட்டில் சும்மா இருக்க எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"எங்க வீட்டுல இருக்க? காலம்பற கிரவுண்டுக்கு வந்துருதேன். புது ஆள் வருகது வர மாட்ட வெரட்டணும்லா" என்றார். பின்னால் யாரோ ஓடிவரும் சத்தமும், வைகுண்டமணியின் குரலும் கேட்டன. "டீச்சர், சுபா சனிக்கிழம சனிக்கிழம இங்க வருகா. வயசானவியளுக்கு ஒரு மீட்டு இருக்காம், அதுக்குப் பேரு குடுத்தாச்சு. இப்ப மூங்கில்லதான் சாடிட்டு இருக்கா."

"நல்ல விஷயம்தானே சேர்."

"நல்ல விசயந்தான்" என்றார். "அங்க யாழ்ப்பாணத்துல, யார்கிட்டயாவது, ஒரு கம்பு கிம்பு சும்மா கெடக்குமா?"